காலைச் சாப்பாட்டை யார் கட்டாயமாக்கினார்கள்?



நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் கொஞ்ச நாளாக இரண்டு வகையான செய்திகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, "காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி வருத்தம் வரும், மாரடைப்பு வரும்" என்று பயமுறுத்துகிறது. மற்றது, "பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருங்கள், எல்லா வருத்தமும் போய்விடும், குளிசையே தேவையில்லை" என்று ஆசை காட்டுகிறது. சில நேரம் இரண்டையும் அனுப்புகிறவர் ஒரே ஆள்தான்.

முதலாவதை நம்பிப் பசிக்காத வயிற்றுக்குள் நாலு துண்டு பாணை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை நம்பி, சீனிக்கான குளிசையைப் போட்டுவிட்டு லுஹர் வரைக்கும் வெறும் தண்ணீரோடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னது உயிரோடு விளையாடும் விளையாட்டு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

*சொல் நிற்கிறது, நேரம் நகர்கிறது*

ஆங்கிலத்தில் 'பிரேக்ஃபாஸ்ட்' என்றால் நோன்பை முறித்தல் என்று பொருள். இன்று அரபு நாடுகளில் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் 'ஃபுதூர்', நாம் மஃரிபில் சொல்லும் 'இஃப்தார்' இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பிரெஞ்சுக்காரரின் 'டெஜூனே' என்ற சொல்லும் நோன்பை முறிப்பதைத்தான் குறிக்கிறது. ஆனால் இன்றைய பிரான்ஸில் அது பகல் சாப்பாட்டின் பெயர். காலையில் உண்பது 'சின்ன டெஜூனே'!

அல்குர்ஆனில் சூரா அல்கஹ்ஃபில், மூஸா (அலை) அவர்கள் பயணக் களைப்பில் தம் பணியாளரிடம் சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அங்கே வரும் சொல் 'கதா'. பழைய அரபியில் அது பகலின் முற்பகுதியில் உண்பதைக் குறித்தது. இன்று அரபிகள் 'கதா' என்றால் மதியச் சாப்பாடு.

சொற்கள் அப்படியே இருக்க, அவை குறிக்கும் நேரம் மட்டும் நகர்ந்துபோயிருக்கிறது. மனிதன் தன் முதல் சாப்பாட்டை எந்நாளும் ஒரே மணிக்கு உண்டவன் அல்ல.

*காலையில் உண்பது பாவமாக இருந்த காலம்*

பழைய ரோமர்களுக்குப் பெரிய சாப்பாடு பின்னேரத்தில்தான். காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் பாற்கட்டி, ஒலிவ் காய். அதையும் பலர் உண்ணாமல் விடுவார்கள்.

இடைக்கால ஐரோப்பாவில் நிலைமை இன்னும் கடுமை. நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாளுக்கு இரண்டு சாப்பாடுதான் முறை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்வைனஸ், பெருந்தீனியின் வகைகளை அடுக்கும்போது உரிய நேரத்துக்கு முன்பே உண்பதையும் அதில் சேர்த்தார். சிறுபிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள், வயலில் உழைப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. காலையில் சாப்பிடுகிறவர் என்றால், ஒன்றில் பலவீனமானவர், அல்லது கூலிக்கு உழைப்பவர் என்று பார்க்கப்பட்டது.

பிறகு இது எப்படி மாறியது? ஒரு காரணம் நம் பக்கத்திலிருந்து போனது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் தூங்கிவிடாமல் இருக்கக் கோப்பி குடித்தார்கள். அந்தப் பானம் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. தேயிலையும் சொக்லேட்டும் அதே காலத்தில் அங்கே பரவின. சூடான, உற்சாகமூட்டும் பானம் காலை மேசைக்கு வந்ததும், தொட்டுக்கொள்ள ரொட்டியும் கூடவே வந்தது.

அதைவிடப் பெரிய காரணம் தொழிற்சாலை. வயலில் உழைத்தவன் இடையில் மர நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம். இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவன் சங்கு ஊதுவதற்கு முன்பே வயிற்றை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியாவில் காலைச் சாப்பாடு சாதாரண மக்களின் வாழ்க்கையில் உறுதியாகக் குந்திக்கொண்டது இப்படித்தான். அதற்கு நேரம் குறித்தது உடல் அல்ல, தொழிற்சாலையின் கடிகாரம்.

நம் மலையகத்திலும் அதே கதைதான். விடியற்காலையில் தப்பு அடித்து எழுப்பிப் பிரட்டுக்களத்துக்குப் போக வைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் ரொட்டியையும் பிளேன்டீயையும் துரைமாரின் மணிக்கூடுதான் தீர்மானித்தது.

*விளம்பரம் புகுந்த இடம்*

"காலைச் சாப்பாடுதான் ஆக முக்கியமான சாப்பாடு" என்ற வாசகத்துக்கு ஒரு ஊர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பட்டில் கிறீக். அங்கே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் ஒரு சுகநிலையம் நடத்தினார்கள். அதன் பொறுப்பாளர் டொக்டர் ஜோன் ஹார்வி கெலொக். இறைச்சி வேண்டாம், மது வேண்டாம், தானியமும் கொட்டைகளும் போதும் என்பது அவர் கொள்கை. நோயாளிகளுக்காக 1894இல் தானியத்தை வேகவைத்துத் தட்டையாக்கிச் சுட்ட செதில்கள் அங்கே பிறந்தன. 1906இல் அவருடைய தம்பி வில் கீத் கெலொக் அதைத் தனிக் கம்பனியாக்கினார். இன்று சுப்பர் மார்க்கட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் கோர்ன்ஃபிளேக்ஸின் பூர்வீகம் இதுதான்.

1917இல், அதே டொக்டர் கெலொக் ஆசிரியராக இருந்த சஞ்சிகையில், லென்னா கூப்பர் என்ற உணவியலாளர், பல வகையிலும் காலைச் சாப்பாடே நாளின் ஆக முக்கியமானது என்ற கருத்தை எழுதினார். தானியப் பெட்டி விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்குமா?

1920களில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி விற்கும் ஒரு கம்பனி, விற்பனையைக் கூட்டித் தரும்படி எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணரைக் கேட்டது. அவர் இறைச்சிக்கு விளம்பரம் செய்யவில்லை. டொக்டர்மாருக்குக் கடிதம் எழுதி, காலையில் இலேசாக உண்பது நல்லதா, கனமாக உண்பது நல்லதா என்று கேட்க வைத்தார். சுமார் 4500 பேர் கனமாக உண்பதே நல்லது என்று பதில் அனுப்பினார்கள். அது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. முட்டையும் பன்றி இறைச்சியும் அமெரிக்கக் காலைச் சாப்பாடாக ஊறிப்போனதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நமக்கு ஹராமான ஒன்றை விற்பதற்காகக் கிளப்பிய பேச்சின் எச்சத்தைத்தான் நாமும் இன்று "டொக்டர்மார் சொல்கிறார்கள்" என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

மறுபக்கத்தாரும் அப்போதே இருந்தார்கள். 1900இல் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் டுவி, காலைச் சாப்பாட்டை அடியோடு விட்டால் நோய்கள் தீரும் என்று ஒரு புத்தகமே போட்டார். இன்று யூடியூபில் புதுக் கண்டுபிடிப்பாக விற்கப்படுவதற்கு நூற்று இருபது வயதுக்கு மேல்.

*நம் தீவின் கோப்பை*

பழஞ்சோறு, கஞ்சி, கிழங்கு என்றிருந்த நம் மண்ணின் காலைக்குள் பாணும் தேத்தண்ணீரும் எப்படி வந்தன? 'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. தேயிலை 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் பெருமளவில் நட்டதோடு தொடங்குகிறது. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்தபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, அந்த இடைவெளியைக் கோதுமை மா நிரப்பியது. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. கோதுமை விளையாத ஒரு நாட்டில், 'காலை என்றால் பாண்' என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது.

1970களில் பாணுக்கு விடியமுன் கியூவில் நின்ற கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2022ஐ நாமே கண்டோம்.

*நபிவழியில் என்ன இருக்கிறது?*

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: இஸ்லாம் என்ன சொல்கிறது?

ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவாகியிருக்கும் ஒரு செய்தி உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து உண்பதற்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால், அன்று நோன்பு என்று இருந்துவிடுவார்கள். காலையில் வயிறு நிரம்பாவிட்டால் நாளே வீண் என்ற எண்ணம் அந்த வீட்டில் இருக்கவில்லை.

ஆனால் அதே நபியவர்கள்தான் ஸஹரை விட வேண்டாம், அதில் பரகத் இருக்கிறது என்று ஊக்கப்படுத்தினார்கள். இரவும் பகலும் தொடர்ந்து உண்ணாமல் இருக்கும் 'விஸால்' நோன்பைத் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நாள்தோறும் நோன்பு பிடிக்க விரும்பிய இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை இருக்கிறது என்று சொல்லி, ஆகக் கூடியது தாவூத் (அலை) அவர்களின் நோன்பு, அதாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், என்று எல்லை வைத்தார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே அல்குர்ஆனில் சலுகை தந்திருக்கிறான்.

பசியை ஏற்கும் மார்க்கம்தான் பசிக்கு எல்லையும் வைத்தது. நாம் நோன்பு பிடிப்பது இபாதத்துக்காக, இடுப்பளவுக்காக அல்ல. அதை நிரூபிக்க எந்த ஆய்வுகூடச் சான்றிதழும் தேவையில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நோன்பின் நன்மையைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு" என்ற செய்தி ஒவ்வொரு ரமழானிலும் வருகிறது. யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. அவர் ஆராய்ந்தது, உயிர்க்கலம் தன் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மீளப் பயன்படுத்தும் செயற்பாட்டை. முக்கியமான பரிசோதனைகளை ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் செய்தார். மனிதர்களைப் பதினாறு மணித்தியாலம் பட்டினி போட்டு அவர் எதையும் சோதிக்கவில்லை. நல்ல மார்க்கத்துக்கு அரைகுறைச் செய்தியை முட்டுக் கொடுக்காதீர்கள்.

*இடைவிட்ட உண்ணாமை: ஆய்வுகள் சொல்வது*

2012இல் பிபிசியில் டொக்டர் மைக்கல் மொஸ்லி தயாரித்த நிகழ்ச்சிக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. கிழமையில் இரண்டு நாள் மிகக் குறைவாக உண்பது ஒரு முறை. நாளில் எட்டு மணித்தியாலத்துக்குள் மட்டும் உண்பது இன்னொரு முறை.

உடலுக்குள் நடப்பது இதுதான். உண்டு முடித்த சில மணித்தியாலங்களில் இன்சுலின் குறைகிறது. ஈரல் சேமித்து வைத்த சீனியை வெளியே விடுகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் அந்தச் சேமிப்பு இறங்கிக்கொண்டு போக, உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குகிறது. இதில் பொய் இல்லை. ஆனால் இதனால் மற்ற வழிகளைவிடக் கூடுதலாக எடை குறைகிறதா என்பதே கேள்வி.

2020இல் அமெரிக்காவில் 116 பேரை இரண்டாகப் பிரித்து 12 கிழமை பார்த்தார்கள். ஒரு பிரிவு நண்பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் உண்டது. மற்றது வழமைபோல மூன்று வேளை. முதல் பிரிவில் குறைந்தது சராசரி 0.94 கிலோ, மற்றதில் 0.68 கிலோ. கணக்கில் எடுக்கும் வித்தியாசமே இல்லை. 2022இல் சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோரும் உணவின் அளவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் உண்டது. குறைந்த எடை 8 கிலோவும் 6.3 கிலோவும். அந்த வித்தியாசமும் புள்ளிவிபரப்படி உறுதியானதல்ல. எடையைக் குறைத்தது பெரும்பாலும் அளவு, கடிகாரம் அல்ல.

"காலையில் உண்ணாவிட்டால் எடை கூடும்" என்பதும் நிற்கவில்லை. 13 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான ஆய்வில், காலையில் உண்டவர்கள் நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகத்தான் உண்டார்கள். மாரடைப்பு பற்றிய பயத்துக்கு அடிப்படை, 2013இல் அமெரிக்க ஆண்கள் 26,902 பேரை வைத்து வெளியான ஆய்வு. காலையில் உண்ணாதவர்களுக்கு இதய நோய் அபாயம் 27 வீதம் கூடுதல் என்றது. ஆனால் அதே ஆய்வில், காலையில் உண்ணாதவர்கள் கூடுதலாகப் புகைப்பவர்களாகவும் குறைவாக உடற்பயிற்சி செய்பவர்களாகவும் இருந்தார்கள். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுக்க முயன்றார்கள் என்றாலும், இவ்வகை ஆய்வு இரண்டும் சேர்ந்து காணப்படுவதைக் காட்டுமே தவிர, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபிக்காது.

ஒரு விடயத்தை மட்டும் நாம் யோசிக்க வேண்டும். 2018இல், சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களைக் காலையிலேயே உண்ணத் தொடங்கிப் பின்னேரம் 3 மணிக்கு முன் அன்றைய உணவை முடிக்கச் செய்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யும் தன்மையும் இரத்த அழுத்தமும் சீரடைந்தன. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். காலையைத் தியாகம் செய்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு கொத்து ரொட்டியும் மென்பானமும். கை வைக்க வேண்டியது அந்த இரவுச் சாப்பாட்டில்தான்.

*சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை வாசியுங்கள்*

நம் நாட்டில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம் இருக்கிறது. இன்சுலினும், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசைகளும், நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. உண்ணாதபோதும் அவை சீனியை இறக்கும்.

2001ஆம் ஆண்டு ரமழானைப் பற்றி 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான சீனி நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கடுமையாகச் சீனி இறங்கும் சம்பவங்கள் இரண்டாம் வகை நோயாளிகளிடம் ரமழானில் 7.5 மடங்கு கூடியிருந்தன. ஈமானோடு பிடிக்கும் நோன்பிலேயே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், யூடியூபைப் பார்த்துத் தொடங்கும் பட்டினியில் எவ்வளவு வேண்டும்?

ஆகவே: 
- உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டையும் விட வேண்டாம், குளிசையையும் நிறுத்த வேண்டாம். 
- ரமழானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே அவரிடம் போய் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். 
- வியர்த்து நடுங்கினால், கண் மங்கினால், பேச்சுத் தடுமாறினால் உடனே சீனி கலந்த பானம் குடியுங்கள். சீனியின் அளவு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறியுங்கள். இரத்தம் சோதித்துப் பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்று உலமாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 
- கர்ப்பிணிகள், பாலூட்டும் உம்மாமார், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த இடைவிட்ட உண்ணாமை உரியதல்ல.

சுகதேகியான பெரியவர் ஒருவர் காலையில் பசி இல்லாமல் பத்து மணிக்கு உண்டால் குடி முழுகாது. ஆறு மணிக்கே பசித்தால் ஆறு மணிக்கு உண்பதிலும் குற்றமில்லை. என்ன உண்கிறோம் என்பதே பெரிது. பாணும் சீனியும் போட்டுத் தள்ளுவதைவிட இலைக்கஞ்சி, கடலை, முட்டை, பயறு, மிஞ்சிய சோறு எதுவும் மேல்.

*கடைசியாக, பிள்ளைகள்*

பெரியவர்களின் இந்த விவாதத்துக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள். அவர்கள் இடைவிட்ட உண்ணாமை செய்யவில்லை. வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்தப் பிள்ளைகளைத் தெரியும். இரண்டாம் பாடவேளையில் தலையை மேசையில் சாய்த்துக்கொள்வார்கள். "என்ன மகன், பசியாறல்லியா?" என்று கேட்டால் "பசிக்கல்ல சேர்" என்பார்கள். இடைவேளையில் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அப்போது கூடிய எண்ணிக்கை, விலைகள் ஓரளவு நிதானமான பிறகும் முழுதாகக் குறைந்துவிடவில்லை.

பெரியவர்களின் காலைச் சாப்பாட்டைப் பற்றி ஆய்வுகள் எவ்வளவு தடுமாறினாலும் பிள்ளைகள் விடயத்தில் அப்படியில்லை. ஜமெய்க்காவின் கிராமப்புறப் பாடசாலைகள் 16இல் ஒரு வருடம் காலையுணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1998இல் வெளியானது. காலையுணவு பெற்ற பிள்ளைகளின் வரவு கூடியது, உயரமும் எடையும் கூடின, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிகளும் கூடின. சதவீதம் சிறியதுதான். ஆனால் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வருகிறதா, வீட்டில் நின்றுவிடுகிறதா என்பது ஒரு ஆயுளின் கேள்வி.

அரசின் பாடசாலைப் போஷாக்குத் திட்டம் இருக்கிறது. அது எல்லா வகுப்பையும் எல்லாப் பிள்ளையையும் எட்டுவதில்லை. ரமழான் வந்தால் நம் பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றிலும் கிடாரம் ஏறுகிறது. அரிசி ஒருவர் தருவார், தேங்காய் ஒருவர், இறைச்சி ஒருவர், விறகு ஒருவர். யாரும் கூப்பிடாமலே கிண்டுவதற்கு ஆள் வரும். முப்பது நாளும் ஊர் முழுக்கக் கஞ்சி போகும். இதை நடத்தத் தெரிந்த ஊர், மற்ற பதினொரு மாதத்தில் பாடசாலை நாட்களில் ஒரு கிடாரம் கஞ்சியை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் இறக்கி வைக்க முடியாதா? எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கோப்பை. இல்லாத பிள்ளை, உள்ள பிள்ளை என்று பிரிக்காமல். அப்போதுதான் அந்தப் பிள்ளை வெட்கப்படாமல் கோப்பையை நீட்டும்.

பள்ளி நிருவாகத்தில் இருப்பவர்களும், பழைய மாணவர் சங்கத்தாரும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களும் இதைப் பற்றிப் பேசுங்கள். ஒரு பாடசாலையில், ஒரு தவணைக்கு என்று சின்னதாகத் தொடங்கலாம். கணக்கு எழுதவும் வரவு எடுக்கவும் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

வஸ்ஸலாம்.